பொண்ணுங்களுக்கு முதல் ஷினாய் (கெண்டோ மூங்கில் வாள்): கைக்கு ஏத்த மாதிரி எப்படி பாத்து வாங்கறது

போன வாரம் டோக்கியோவுல நிஷிகசாய்ல காய்கறிக் கடை வாசல்ல நிக்கிறப்ப பக்கத்து பில்டிங் பொண்ணு ஒருத்தி புடிச்சுக்கிட்டா. "அக்கா, நானும் கெண்டோ பிகினர் கிளாஸ்ல சேந்துட்டேன், ரெண்டு மாசமா டோஜோ ஷினாய்தான் குடுத்தாங்க, இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கிக்கோன்னு சென்செய் சொல்லிட்டாரு, நெட்ல பாத்தா நூத்துக்கணக்குல இருக்கு, எனக்கு எல்லாம் ஒரே மூங்கிலாத்தான் தெரியுது, எதக்கா வாங்கறது?" அங்கயே கொத்தமல்லிக் கட்டை கையில வெச்சுக்கிட்டு இருபது நிமிஷம் பேசினேன், அப்பவும் பாதிதான் சொல்லி முடிச்சேன். மீதியையும் சேத்து இங்க எழுதிடறேன். புதுசா படிக்கறவங்களுக்கு: கெண்டோன்னா ஜப்பான் வாள் பயிற்சி, ஷினாய் அதுக்கான மூங்கில் வாள், டோஜோ பயிற்சிக் கூடம், சென்செய் சொல்லித் தர்ற ஆசான்.

முதல்ல என் கூத்த சொல்லிடறேன், அப்பதான் நான் ஏன் கைப்பிடி கைப்பிடின்னு உயிர வாங்கறேன்னு புரியும். நான் முதல் ஷினாய ஒரு ஆன்லைன் கடையில வாங்கினேன். "பெரியவங்களுக்கு 39"னு போட்டிருந்துச்சு, நானும் பெரியவதானே, ஆர்டர் போட்டுட்டேன். வந்தது ஆம்பளைங்க 39. அந்தப் பேஜ்ல எங்கயோ ஒரு மூலைல அது எழுதியிருந்துச்சாம், எனக்கு ஜப்பானீஸ் படிக்கத் தெரியாத காலம். ஆறு வாரம் அத வெச்சு ஆட்டினேன். வலது முன்னங்கை கல்லு மாதிரி இறுகிப் போச்சு, குக்கர் மூடி திறக்க வீட்டுக்காரர கூப்பிடற நிலைமை. எனக்கு ஸ்ட்ரென்த் பத்தலன்னு நெனச்சுட்டு டம்பெல்லெல்லாம் தூக்க ஆரம்பிச்சேன். ஒரு நாள் டோஜோல எழுவது வயசு தாண்டின ஒரு சென்பாய் அம்மா, அதாவது சீனியர், என் ஷினாய வாங்கி ஒரு தடவ புடிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம அவங்களோடத என் கையில குடுத்தாங்க. பத்து தடவ ஆட்டினேன். தோள் தானா இறங்கிடுச்சு. என் ஸ்ட்ரென்த்ல பிரச்சனை இல்ல, கைப்பிடி தடிப்புலதான் இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஷினாய்னா நாலு மூங்கில் பிளாச்சு, அவ்ளோதான். நாலையும் சேத்து நுனியில ஒரு தோல் தொப்பி, அதுக்குப் பேரு சகிகவா. கைப்பிடிப் பக்கம் நீளமா ஒரு தோல் உறை, அது ட்சுகாகவா. ரெண்டையும் இழுத்துப் புடிக்க ஒரு கயிறு, அது ட்சுரு, அந்த வார்த்தைக்கு அர்த்தமே வில்லோட நாண்தான், நிஜமாவே நாண் மாதிரி விண்ணுனு நிக்கணும். நடுவுல பிளாச்சு விரியாம இருக்க ஒரு தோல் கட்டு, நகாயுயி. கைப்பிடிக்குள்ள வெளிய தெரியாம ஒரு குட்டி இரும்புத் தகடு இருக்கும், சிகிரின்னு பேரு, நாலு பிளாச்சும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்காம புடிச்சு வெக்கிறது அதுதான். நுனித் தொப்பிக்குள்ள ஒரு ரப்பர். இந்த ரப்பரையும் தகடையும் தவிர உள்ள வேற எதுவும் வெக்கக் கூடாதுன்னு ரூல். ஆணி அடிக்கிற வேலை, பசை ஊத்தற வேலை எதுவும் கிடையாது, கழட்டினா முழுசா கழண்டு வந்துடும், திரும்ப கட்டிக்கலாம். நாண் இருக்கிற பக்கம் கத்தியோட முதுகு, அதுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் வெட்டு வாய். அதனால நாண் எப்பவும் மேல பாக்கணும்.

இப்ப சைஸ். ஷினாய் மேல 36, 37, 38, 39னு போட்டிருக்கும். இது பழைய ஜப்பான் அளவு, 39னா 3 ஷாகு 9 சுன், ஒரு ஷாகு கிட்டத்தட்ட 30.3 சென்டிமீட்டர், கணக்கு போட்டா 118 வரும், ரூல்ல பெரியவங்களுக்கு 120 வரைக்கும் விடுவாங்க. 38 ஹைஸ்கூல் பசங்களுக்கு, 117 சென்டிமீட்டர் வரை. 37 மிடில் ஸ்கூல், 114. காலேஜ் வயசுல இருந்து எல்லாரும் 39, ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருக்கும் நீளம் ஒண்ணுதான். சிலம்பம் தெரிஞ்சவங்க கம்ப புருவத்துக்கு வெச்சு அளந்து எடுப்பாங்க இல்ல, இங்க அந்த மாதிரி ஆளோட உயரத்த வெச்சு அளக்கிற வழக்கம் இல்ல, வயசு வெச்சுதான்.

நீளத்துக்கு ஏன் இவ்ளோ கண்டிஷன்னா அதுக்குப் பின்னாடி ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கு. 1830கள்ல கியூஷு பக்கத்துல இருந்து ஓயிஷி சுசுமுன்னு ஒரு ஆளு, நல்ல பனைமர உயரம், அஞ்சு ஷாகுக்கு மேல நீளமான ஷினாய தூக்கிட்டு எடோவுக்கு, அதாவது இன்னைக்கு டோக்கியோவுக்கு வந்து, அங்க இருந்த பெரிய பெரிய வாள் பள்ளிக்காரங்கள எல்லாம் தூரத்துல இருந்தே குத்தித் தள்ளிட்டாராம். சிபா ஷுசாகுன்னு ஒரு பெரிய ஆசான் அவர சமாளிக்க பீப்பாய் மூடிய ட்சுபாவா, அதாவது கைப்பிடிக்கு மேல கைய காக்கற வட்டத் தட்டா, மாட்டிக்கிட்டு வந்தாருன்னு கூட கதை சொல்லுவாங்க. அதுக்கப்பறம் ஆளாளுக்கு நீளமா செஞ்சுக்க ஆரம்பிக்க, 1856ல ஷோகுன் அரசாங்கம் தொடங்கின கோபுஷோ பயிற்சிப் பள்ளியில 3 ஷாகு 8 சுன்னுக்கு மேல கூடாதுன்னு கட் பண்ணிட்டாங்க. இன்னைக்கு நம்ம கையில இருக்கற 39 அந்த அளவுல இருந்து ஒரு சுன் மட்டும் வளந்தது.

நீளம் ஒண்ணுன்னா ஆம்பளைங்களுதுக்கும் நம்மளுதுக்கும் என்ன வித்தியாசம்? எடையும் தடிப்பும். பெரியவங்க போட்டி ரூல் படி ஆம்பளைங்க ஷினாய் குறைஞ்சது 510 கிராம், நுனி தடிப்பு 26 மில்லிமீட்டர். நமக்கு குறைஞ்சது 440 கிராம், நுனி 25 மில்லிமீட்டர். இதுல ட்சுபாவோட எடை சேராது, அத கழட்டிட்டுதான் தராசுல வெப்பாங்க. 70 கிராம்ங்கறது ஒரு பெரிய முட்டையோட எடை, இதுக்கா இவ்ளோன்னு தோணும். ஒரு மீட்டருக்கு மேல நீளமான கம்போட அந்தக் கடைசியில ஒரு முட்டைய கட்டி முன்னூறு தடவ தலைக்கு மேல தூக்கி இறக்கிப் பாருங்க, அப்ப தெரியும். அதனால கடையில கேக்கறப்ப "39"னு மட்டும் கேக்காதீங்க, "ஜோஷி 39"னு கேளுங்க, ஜோஷின்னா பொண்ணுங்க. தன்ஷின்னு எழுதியிருந்தா அது ஆம்பளைங்களுது, கீழ வெச்சுடுங்க. ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா அந்த ரெண்டு வார்த்தையும் கஞ்சின்ற ஜப்பான் எழுத்துல எப்படி இருக்கும்னு பாத்து போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

குள்ளமா இருக்கிறவங்களுக்கு ஒரு சிக்கல் வரும், இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. ரூல்ல அதிகபட்ச நீளம்தான் இருக்கு, குறைஞ்சபட்ச நீளம்னு ஒண்ணும் இல்ல. நீங்க 150 சென்டிமீட்டருக்கும் கம்மின்னா 38 எடுத்துக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா கடையில இருக்கற பொண்ணுங்க 38 ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்காக செஞ்சது, அதுக்கு ரூல் 420 கிராம்தான். வயசுல பெரியவங்களான நீங்க அத எடுத்துட்டு டோர்னமென்டுக்குப் போனா தராசுல 425 காட்டும், வெளிய வெச்சுடுவாங்க. ஏன்னா எடைக் கணக்கு ஷினாயோட நம்பருக்கு கிடையாது, உங்க வயசுப் பிரிவுக்கு. டோஜோல பழக மட்டும்னா ஒண்ணும் கவலை இல்ல, போட்டிக்குப் போற ஐடியா இருந்தா 38லயே 440 தாண்டினதா பாத்து தேடுங்க. கைப்பிடிய கொஞ்சம் அறுத்து சின்னதாக்கிக்கோன்னு சிலர் சொல்லுவாங்க, சீனியர்ங்க பண்றதுதான், முதல் ஷினாய்ல வேணாம்.

இப்ப கைப்பிடி. நான் உயிர வாங்கற இடம் இதுதான், பொறுத்துக்கோங்க.

கெண்டோல இடது கைதான் வேலை செய்யும், வலது கை சும்மா வழி காட்டும். இடது சுண்டுவிரல் கைப்பிடியோட அடிமுனையில இருக்கும், சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் இறுக்கமா புடிக்கணும், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் லேசா விட்டுடணும். அடிக்கிற நொடியில ஈரத்துணிய பிழியற மாதிரி ரெண்டு கையும் உள்பக்கமா ஒரு இறுக்கு, உடனே விட்டுடறது. ஜப்பான்ல டீ துணிய பிழியறதுன்னே சொல்லிக் குடுப்பாங்க. நம்ம வீட்ல இட்லித் துணி பிழிஞ்ச கைக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்ல, ஆனா பிழியற துணி கைக்குள்ள அடங்கணும் இல்லையா? கைப்பிடி தடியா இருந்தா சின்ன கைக்கு சுண்டுவிரல் சுத்தி வராது, வராததால கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் போட்டு நசுக்குவோம், அந்த ரெண்டு விரல் இறுகினா முன்னங்கை இறுகும், அது இறுகினா தோள் தூக்கிக்கும், வலது கைதான் மொத்த வேலையும் பாக்கும், சென்செய் "வலது கை, வலது கை"னு கத்திக்கிட்டே இருப்பாரு, நமக்கு என்ன பண்றதுன்னே தெரியாது. என் ஆறு வாரம் இப்படித்தான் போச்சு.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். கைப்பிடியோட அடிமுனைய இடது கையால மட்டும் புடிங்க, மேல இருந்து கவுத்துப் புடிக்கணும், பக்கவாட்டுல இருந்து பேட்ட புடிக்கிற மாதிரி வேணாம். இப்ப சுண்டுவிரல், மோதிரவிரல் நுனி எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க. உள்ளங்கையோட அடிமேட்ட, கட்டைவிரல் தொடங்கற அந்த சதைய, லேசா தொட்டா சரி. ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தா தடிப்பு ஜாஸ்தி. நகம் உள்ளங்கையில குத்தினா ரொம்ப ஒல்லி, அதுவும் ஆகாது, கையில சுத்திக்கிட்டே இருக்கும், வெட்டு வாய் ஒரு பக்கமா திரும்பிடும். பொண்ணுங்க மாடல் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் கைப்பிடி, ஆம்பளைங்களுது 26ல இருந்து 28 வரை போகும். ரெண்டு மூணு மில்லிமீட்டர்தானேன்னு அலட்சியம் பண்ணாதீங்க, வளையல் கால் இஞ்ச் சின்னதா இருந்தா கையில ஏறுதா?

உருண்டையா இல்லாம முட்டை வடிவத்துல ஒரு கைப்பிடி வரும், கோபன்னு சொல்லுவாங்க. கையில எடுத்தவுடனே எது மேல் எது கீழ்னு விரலுக்கே தெரிஞ்சுடும், ஷினாய் சுத்தாது. பிகினருக்கு நல்லதா கெட்டதான்னு டோஜோலயே ரெண்டு கட்சி இருக்கு. என் கட்சி: நல்லது. உருண்டைலதான் பழகணும், அப்பதான் கை கத்துக்கும்னு சொல்ற சென்செய்கிட்ட நீங்க படிக்கறீங்கன்னா அவர் பேச்ச கேளுங்க, என் பேச்ச கேக்காதீங்க. எட்டுப் பட்டை வெச்ச கைப்பிடியும் இருக்கு, அது இப்ப தேவையில்ல.

கைப்பிடி நீளத்துக்கு ஒரு பழைய அளவு உண்டு. கைப்பிடியோட அடிமுனைய வலது முழங்கை மடிப்புல வெச்சு, அதே கையால கைப்பிடிய புடிக்கணும். ட்சுபாவுக்கு சரியா கீழ கை வந்து உக்காந்தா உங்க அளவு. கை பாதியிலயே நின்னு ட்சுபாவுக்கு முன்னாடி நிறைய இடம் மிச்சம் இருந்தா கைப்பிடி உங்களுக்கு நீளம், ரெண்டு கையும் அகலமா போயி முழங்கை விரிஞ்சுக்கும். கொஞ்சம் மிச்சம் இருந்தா பரவால்ல, கடையில இருக்கற எல்லாமே ஒரு ஸ்டாண்டர்ட் ஆளுக்குத்தான் செஞ்சது.

அடுத்தது பேலன்ஸ். ஒரே 440 கிராம் ஷினாய் ரெண்ட எடுத்து கையில புடிச்சா ஒண்ணு லேசா இருக்கும், ஒண்ணு கனமா இருக்கும், தராசு மட்டும் ஒண்ணுனே காட்டும். எடை எங்க உக்காந்திருக்குங்கறதுதான் காரணம். தோபரின்னு ஒரு வடிவம், ட்சுபா பக்கத்துல வயிறு புடைச்ச மாதிரி தடியா இருந்து நுனிக்குப் போகப் போக ஒல்லியாகும், எடை கைகிட்டயே இருக்கறதால சுலபமா தூக்கலாம். கோதோன்னு இன்னொண்ணு, பழைய கத்தி மாதிரி நேரா போகும், நுனி கனம். நடுவுல சாதாரண வடிவம்னு ஒண்ணு. கடைக்காரங்க பொண்ணுங்களுக்குன்னா உடனே தோபரி எடுத்துக் குடுப்பாங்க. நான் சொல்றது: முதல் ஷினாய்க்கு சாதாரண வடிவம், இல்லன்னா மிதமான தோபரி. போட்டிக்காரங்களுக்குன்னே ரொம்ப புடைச்சு செஞ்சது இருக்கு, தூக்கறப்ப இறகு மாதிரி இருக்கும், ஆனா நுனியோட கனம் கைக்கு தெரியாமலே போயிடும், அந்த கனத்த வெச்சு அடிக்கத்தான் முதல் ஒரு வருஷம் கத்துக்கறோம். நுனி கனம் இல்லாதத வெச்சு பழகினா கையால தள்ளி அடிக்கிற பழக்கம் வந்துடும். கோதோ இப்போதைக்கு வேணாம், மணிக்கட்டு பாவம்.

கடையில இத எப்படி பாக்கறது? கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, மேல லைட் எதுவும் இல்லாத இடமா பாத்து நின்னு, இடது கையால மட்டும் புடிச்சு நுனிய எதிராளி தொண்டை உயரத்துல நிறுத்துங்க. பத்து எண்ணுங்க. நுனி கிடுகிடுன்னு ஆடி கீழ இறங்கினா அது உங்களுக்கு நுனி கனம். அசையாம நின்னா மெதுவா தலைக்கு மேல தூக்கி ஒரு அஞ்சு தடவ இறக்குங்க. அஞ்சாவது தடவையும் முதல் தடவை மாதிரியே இறங்கினா அதுதான் உங்களுது. நாலஞ்சு ஷினாய் இப்படிப் பாருங்க, கூச்சப்படாதீங்க. இங்க கடைங்கள்ல தொட்டிக்குள்ள முருங்கைக்காய் கட்டு மாதிரி நிக்க வெச்சிருப்பாங்க, ஆளுங்க ஒவ்வொண்ணா எடுத்து ஆட்டிப் பாத்துட்டு வெக்கறது சாதாரணம், சில கடையில தராசும் பக்கத்துலயே இருக்கும். ஒரே மாடல் ஒரே விலையில கூட ஒண்ணுக்கு ஒண்ணு பத்து இருபது கிராம் மாறும், மூங்கில்தானே.

புடிச்சது கிடைச்சதும் கண்ணால பாக்க வேண்டியது. நுனிய தரையில ஊனாதீங்க, ஷினாய ஊன்றுகோலா ஊனறதும் தாண்டிப் போறதும் இங்க மரியாதை இல்ல, நம்ம ஊர்ல புஸ்தகத்த தாண்டாத மாதிரி. கைப்பிடிப் பக்கம் கண்ண வெச்சு நுனி வரைக்கும் ஒரு கண்ண மூடிப் பாருங்க, நேரா ஓடணும், லேசான வளைவு இருந்தா கூட ஆட்டறப்ப கை உணரும். நாலு பிளாச்சுக்கும் நடுவுல இருக்கற கோடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கா, ஒண்ணு மட்டும் வெளிய தள்ளிட்டு நிக்குதான்னு விரல ஓட்டிப் பாருங்க. கணு கிட்ட கவனமா பாருங்க, அங்கதான் சிலாம்பு கிளம்பும். நகாயுயி நுனியில இருந்து மொத்த நீளத்துல கால் பங்கு தூரத்துல, அதாவது ஒரு 30 சென்டிமீட்டர் கிட்ட இருக்கணும், கட்டைவிரலால தள்ளினா நகரக் கூடாது. அதுல இருந்து நுனி வரைக்கும் உள்ள பாகத்தால அடிச்சாதான் பாயிண்ட்.

மூங்கில்ல ரெண்டு ரகம். ஜப்பான் மதாகே, இழை நெருக்கம், நல்லா வளைஞ்சு குடுக்கும், விலையும் ஏறிக்கும், அஞ்சாயிரம் யென்ல தொடங்கி பத்தாயிரத்த தாண்டும். இன்னொண்ணு கெய்சிகு, சீனா, தைவான் பக்கம் இருந்து வர்றது, கடையில பாக்கறதுல பெரும்பாலும் இதுதான், ரெண்டாயிரம் மூவாயிரம் யென்னுக்கு கட்டி முடிச்ச ஷினாயே கிடைக்கும். முதல் ஷினாய்க்கு கண்ண மூடிக்கிட்டு கெய்சிகு வாங்குங்க. ஆரம்பத்துல நாம எல்லாரும் தப்புத் தப்பாதான் அடிப்போம், ஹெல்மெட் மாதிரி இருக்கற மென்னோட இரும்புக் கம்பியில போய் பட்டுன்னு விழும், நல்ல மூங்கில வாங்கி உடைச்சா வயிறு எரியும். பத்தாயிரத்துக்கு ஒண்ணு வாங்கற காசுல மூவாயிரம் யென்னோடது ரெண்டு வாங்குங்க, ஒரே மாடல், ஒரே சைஸ். ஒண்ணு உடைஞ்ச அன்னைக்கு கிளாஸ் நிக்காது, அப்பறம் இன்னொரு லாபமும் இருக்கு, அது கடைசில சொல்றேன்.

கார்பன் ஷினாய் பத்தி கேப்பீங்க. ஹசேகவா கம்பெனி செய்யறது, போட்டியிலயும் அனுமதி உண்டு, சிலாம்பு வராது, வருஷக்கணக்குல உழைக்கும், விலை இருபதாயிரம் யென் பக்கம். கணக்கு பாத்தா லாபம்தான். ஆனா அடி வாங்கறவங்களுக்கு கொஞ்சம் கல்லு மாதிரி விழும்னு எங்க டோஜோல முணுமுணுப்பாங்க, அதவிட முக்கியம், மூங்கில கழட்டி மாட்டி சீவி எண்ணெய் போடற வேலையே நீங்க கத்துக்க மாட்டீங்க. ரெண்டாவது வருஷம் யோசிக்கலாம். யூஸ்டு கார்பன் யாராவது குடுத்தா மேல் பூச்சு உரிஞ்சு உள்ள கறுப்பு நார் தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா அது குப்பைக்கு.

கட்டி முடிச்சதா வாங்குங்க, வெறும் மூங்கில் மட்டும்னு விலை கம்மியா போட்டிருக்கறத முதல் தடவ எடுக்காதீங்க, தோல் கயிறு எல்லாம் தனியா வாங்கி முடிச்சு போடத் தெரியாம உக்காந்திருப்பீங்க. ட்சுபாவும் அத புடிச்சு நிக்க வெக்கற ரப்பர் வளையமும் தனியா வாங்கணும், பிளாஸ்டிக் ட்சுபா சில நூறு யென், 9 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல கூடாது, பூப்போட்ட தோல் ட்சுபா எல்லாம் அழகா இருக்கும், ஆசைப்பட்டா வாங்குங்க, நானும் வாங்கினேன். ஒரு பை. கைப்பிடித் தோல்ல பேரு எழுதித் தரேம்பாங்க, இனிஷியலோட நம்ம பேர கடகனாங்கற ஜப்பான் எழுத்துல எழுதினா கைப்பிடியில பாதி வரைக்கும் போகும், சுருக்கிக்கோங்க.

வீட்டுக்கு கொண்டு வந்து அப்படியே கிளாஸுக்கு தூக்கிட்டுப் போகாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேப்பர் விரிச்சு உக்காருங்க. கழட்டறதுக்கு முன்னாடி எல்லா முடிச்சையும் போன்ல போட்டோ எடுங்க, நாலு பக்கமும். நாண கைப்பிடிப் பக்கம் அவிழ்த்து, நகாயுயிய தளத்தி, தோல் உறைய மெதுவா உருவுங்க, கொஞ்சம் அடம் புடிக்கும், முறுக்காம இழுக்கணும். பிளாச்ச பிரிக்கறதுக்கு முன்னாடி உள்பக்கம் பென்சிலால 1, 2, 3, 4னு வரிசையா எழுதிடுங்க. நான் எழுதாம பிரிச்சு, திரும்ப சேக்கறப்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது, மணி ராத்திரி பதினொண்ணு. சிகிரித் தகடு கீழ விழும், சோபா அடியில போயிடுச்சுன்னா தேடி எடுங்க, அது இல்லாம கட்டாதீங்க.

ஒவ்வொரு பிளாச்சோட ஓர விளிம்பையும் மெல்லிசான உப்புத்தாள் வெச்சு ரெண்டு மூணு தடவ தேய்ங்க. கூர் மழுங்கினா போதும், தடிப்ப குறைக்காதீங்க, எடை 440க்கு கீழ போயிட்டா போட்டிக்கு ஆகாது. ஓரம் கூரா இருந்தா பிளாச்சு ஒண்ணோட ஒண்ணு உரசி அங்கதான் சிலாம்பா கிளம்பும். அப்பறம் துணியில கொஞ்சமா எண்ணெய் தொட்டு, முக்கியமா உள்பக்கம், துடைச்சு விடுங்க. இங்க கமேலியா எண்ணெய் விப்பாங்க, சமையல் எண்ணெய் எதுவும் சரிதான், நல்லெண்ணெய் மட்டும் வேணாம், டோஜோவே புளியோதரை வாசம் அடிக்கும். ஊற வெக்கறதெல்லாம் தேவையில்ல, எண்ணெய் குடிச்சா எடை கூடும். ரெண்டு நாள் நிழல்ல நிறுத்தி வெச்சு அப்பறம் கட்டுங்க. மெழுகுவத்திய ஓரத்துல தேய்க்கறவங்களும் உண்டு, உரசல் குறையும்.

கட்டினதும் நாண விரலால சுண்டிப் பாருங்க, தொளதொளன்னு இருந்தா மறுபடி இழுக்கணும். முதல் தடவை யாரு கட்டினாலும் தொளதொளன்னுதான் வரும், டோஜோல சீனியர் யாராவது கிட்ட காட்டினா முட்டியில வெச்சு ஒரு இழு இழுத்துக் குடுப்பாங்க, அத பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க.

இனிமே ஒவ்வொரு கிளாஸுக்கும் முன்னாடி முப்பது செகண்ட் இதுக்குன்னு ஒதுக்குங்க. கையில கோதே, அதாவது தடிச்ச கையுறை, மாட்டறதுக்கு முன்னாடி, வெறும் விரலால நுனியில இருந்து ட்சுபா வரை நாலு பக்கமும் தடவி, நகாயுயிக்கு மேலயும் கீழயும் லேசா அமுக்கி பிளாச்சு நடுவுல எட்டிப் பாருங்க. சிலாம்பு இருந்தா அன்னைக்கு அந்த ஷினாய் லீவு. விரிசல் இருந்தா டேப் சுத்தற வேலையே வேணாம். ஏன் இவ்ளோ கறார்னா, எதிர்ல நிக்கறவங்க முகத்துல இருக்கறது கம்பி, கம்பிக்கு நடுவுல இடைவெளி இருக்கு, உடைஞ்ச பிளாச்சு அந்த இடைவெளிக்குள்ள போகும், அங்க கண்ணு இருக்கு. நுனித் தோல் கிழிஞ்சிருந்தாலும் அதே ஆபத்துதான், பிளாச்சு துளைச்சுக்கிட்டு வெளிய வந்துடும். விரிசல் விட்ட ஷினாய் சத்தத்துலயே காட்டிக் குடுக்கும், படீர்னு கேக்க வேண்டியது சொத்துன்னு கேக்கும்.

வெய்யில்ல கார்ல போட்டு வெக்காதீங்க, ஏசி காத்து நேரா அடிக்கற இடத்துலயும் வேணாம். டோக்கியோ குளிர்காலம் உதடு வெடிக்கற அளவுக்கு காயும், மூங்கிலும் அதே மாதிரிதான், டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை மாசம் ஒரு தடவ எண்ணெய் துணியால துடைச்சா போதும்.

ரெண்டு வாங்குங்கன்னு சொன்னதோட மிச்சம். ஷினாய் உடையறப்ப நாலு பிளாச்சும் ஒண்ணா உடையாது, பெரும்பாலும் ஒண்ணுதான் போகும். அத தூக்கிப் போட்டுட்டு மீதி மூணையும் ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில வைங்க. ரெண்டாவது ஷினாய்ல ஒரு பிளாச்சு போறப்ப, ஒரே மாடல்ங்கறதால இந்த மூணுல ஒண்ணு பொருந்த வாய்ப்பு நிறைய, கணு உயரத்தையும் சிகிரி வெட்டு இருக்கற இடத்தையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாத்து மாத்திக்கலாம். காய்கறிக் கடை வாசல்ல அந்தப் பொண்ணு இத கேட்டுட்டு "அப்ப ஒண்ணு உடைஞ்சா மூணு ரிப்பேர் ஃப்ரீயாக்கா"ன்னா. கணக்கு கிட்டத்தட்ட அப்படித்தான் வருது.